மிளகுக் கொடியும் நான் படிக்காத பத்தியும்

2001-ல் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போயிருந்தேன். எனக்கு அறை கொடுத்தவர்கள் மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒரு கணவன் மனைவி. இருவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூவருக்கும் பொழுது போகாது.

பெங்களூரில் இருந்த நண்பன் ஒரு ஆங்கில விளையாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தான். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நினைத்தது பலிக்குமா என்று பார்க்க இருபது முகம் உள்ள பகடை தேவை. மலையில் அதற்கு எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தோம். கதை நடத்துவது நான். கணவர் மந்திரவாதி, மனைவி வில்லாளி. நான்கு மாதம் ஆடினோம். அந்த வில்லாளி மேல் மனைவிக்கு அப்படி ஒரு பிரியம். பாத்திரம் கழுவும்போதுகூட அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பார்.

ஒரு ஞாயிறு, வில்லாளி மலை விளிம்பிலிருந்து சறுக்கி, கீழே ஒரு பாறைத் திட்டில் மாட்டிக்கொண்டாள். திட்டோ இடிந்துகொண்டிருக்கிறது. மந்திரவாதியிடம் கொடிகளை வளர வைக்கும் மந்திரம் ஒன்று இருந்தது.

“ஏனுங்க சார், மொளகுக் கொடி மரத்துல ஏறுதில்லீங்களா? அதே மாதிரி அந்தத் திட்டுல மந்திரத்தைப் போட்டா கொடி மேல ஏறி வருமுங்க. அதைப் புடிச்சு அவ ஏறிக்குவா” என்றார் கணவர்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த மந்திரம் எதிரிகளைக் கட்டிப்போட மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தில் அப்படியா போட்டிருக்கிறது என்று மனைவி கேட்டார். ஆமாம் என்றேன். திட்டு இடிந்து வில்லாளி செத்துப் போனாள். மனைவி சீட்டுகளைப் பொறுக்கிச் சொம்பில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உண்மை என்னவென்றால், அந்த மந்திரம் பற்றிய பக்கத்தில், எதிரியைக் கட்டிப்போடுவதைச் சொல்லும் முதல் பத்திதான் எனக்குப் புரிந்திருந்தது. இரண்டாம் பத்தியைத் தாண்டிக் குதித்திருந்தேன். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவன் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை இருக்கிறது என்றார்கள். சாப்பாடு போட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய் ஒரு அகராதி வாங்கி வந்து, அந்த இரண்டாம் பத்தியைச் சொல் சொல்லாகப் படித்தேன். எதிரி என்ற சொல்லே அதில் இல்லை. புத்தகம் சொல்லாத இடத்தில், கதை நடத்துபவர் ஆடுபவர்களோடு பேசி முடிவு செய்யலாம் என்று இருந்தது. வெட்கமாகிவிட்டது.

அன்றே இருவரிடமும் சொல்லிவிட்டேன், புரியாமல் பொய் சொன்னதையும் சேர்த்து. மனைவி என்னையே பார்த்தார்.

“தெரியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நாமளே யோசிச்சிருப்போமுங்களே சார்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

வில்லாளி திட்டில் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து மறுபடி ஆடலாம் என்றேன். கணவர் இப்போது தன் யோசனையிலேயே ஒரு குறை கண்டுபிடித்தார். மிளகுக் கொடி தானாக ஏறாது, வேர் பிடிக்கும் வரைக்கும் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், அந்தத் திட்டில் யார் கட்டுவது என்று கேட்டார். அந்த விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்?

“நான்தான் அங்க இருக்கறேனே. வில்லு நாணை அவுத்துக் கட்டறேனுங்க” என்றார் மனைவி.

நாண் போனால் வில் உதவாது. பரவாயில்லை என்றார். பத்துக்கு மேல் வந்தால் கொடி தாங்கும் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். பதினான்கு வந்தது. வில்லாளி வெறுங்கையோடு மேலே ஏறி வந்தாள்.

மாற்றலாகி மலையிறங்கிப் பல வருடம் ஆகிறது. வகுப்பில் யாராவது கேள்வி கேட்டு, “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று நான் வாய் திறக்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்தை நான் முழுதாகப் படித்தேனா என்று இன்றும் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.