மூன்றாம் தரம் கேட்கும்வரை

கோதுமை மாப் பசை காய்ச்சும் மணம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸ் ஒளிவிழா நெருங்கிவிட்டதென்று அர்த்தம். மன்னார்த் தீவின் அந்தச் சின்னக் கரையோரப் பள்ளியில் அந்தப் பசையால் மட்டையில் பஞ்சு ஒட்டித்தான் இயேசு பிறப்பு நாடகத்தில் வரும் தேவதூதர் கபிரியேல் சம்மனசுக்குச் சிறகு செய்வார்கள், ஆடுகளுக்குத் தோலும் அதே பஞ்சில்தான். கழுதை வேடம் மட்டும் யாருக்கும் கிடையாது. நிஜக் கழுதைகளே வாசலில் தாராளமாக நின்றன. ஐந்தாம் வகுப்பில் எனக்கு அந்தச் சிறகின்மேல் அப்படியொரு ஆசை. கிணற்றடியில் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்த சம்மனசின் வசனம் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கே பாடமாகியிருக்கும்.

ஆனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் எதைத் தந்தாலும் முதல் தரம் "வேண்டாம்", இரண்டாம் தரமும் "வேண்டாம்", மூன்றாம் தரம் வற்புறுத்தினால்தான் கை நீளலாம். கேட்டவுடன் வாங்குகிற பிள்ளைக்கு "பறக்காவெட்டி" என்று பெயர். "முந்திக் கை நீட்டினால் பின்னாலை நிக்கிறவைக்கு என்ன மிஞ்சும்?" என்பார் அம்மா. பள்ளிக்கூடமும் அதையே சொன்னது. முப்பது பேருக்கு ஒரே நிறப்பென்சில் பெட்டி இருந்த வகுப்பில் அது நியாயமான சட்டம்தான்.

அந்த ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து வந்த மாமி, மகள் ஜெனியை ஒரு தவணைக்கு எங்கள் வகுப்பில் சேர்த்திருந்தார். ரீச்சர் என்னைப் பார்த்து, "நீ சம்மனசா நிக்கிறியோ பிள்ளை?" என்றார். நெஞ்சு துள்ள, முறைப்படி "வேண்டாம் ரீச்சர்" என்றேன். அவர் மறுபடி கேட்பதற்குள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. "நான் செய்யிறன் ரீச்சர். எனக்கு நல்லா வரும்" என்றாள் என் மச்சாள் ஜெனி. வகுப்பே வாய் பிளந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டவளுக்குச் சிறகு கிடைத்தது, எனக்கு ஆட்டுத்தோல்.

வீடு வரும்வரை அழுதேன். அவளுக்கு விளங்கவேயில்லை. "விருப்பமெண்டால் ஏன் வேண்டாமெண்டு சொன்னனீ? எங்கட பள்ளிக்கூடத்திலை கையை உயர்த்தாட்டி ரீச்சர் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவா." எல்லாருக்கும் போதுமென்று இருக்கும் நாட்டில் கேட்கப் பழக்குகிறார்கள், போதாத நாட்டில் விட்டுக்கொடுக்கப் பழக்குகிறார்கள் என்று இன்று சொல்லலாம், அன்று எனக்கு அவள் பறக்காவெட்டி, அவளுக்கு நான் பொய்க்காரி. மறுநாள் அவளே எழுந்து, "ரீச்சர், இவளுக்குத்தான் சம்மனசா நிக்க விருப்பம்" என்றாள். ரீச்சர் என்னை இரண்டாம் தரம் கேட்டார். பழக்கம் விடுமா? "வேண்டாம் ரீச்சர், அவளே நிக்கட்டும்" என்றது என் வாய். என் பெருந்தன்மையை வகுப்புக்கே எடுத்துச் சொல்லிப் புகழ்ந்த ரீச்சருக்கு மூன்றாம் தரம் கேட்கத் தோன்றவில்லை.

ஒளிவிழாவில் ஜெனி நன்றாகவே நடித்தாள்; நான் அவள் காலடியில் "மே" என்றேன். அவர்கள் கனடா திரும்பும் நாளில் அம்மா பயற்றம் பணியாரத் தட்டை நீட்டியபோது, "வேண்டாம் மாமி" என்றாள் ஜெனி. மறுபடி நீட்டியபோதும் "வேண்டாம்". பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். நானோ கேட்காமலே இரண்டை எடுத்து, ஒன்றை அவள் கையில் வைத்தேன். அம்மா முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்று அதே பள்ளிக்கூடத்தில் நான் ரீச்சர். பசை காய்ச்சுவது நின்றுபோய்விட்டது, சிறகைக் கடையில் வாங்குகிறோம், "பறக்காவெட்டி" என்றால் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. கேள்வியை நான் முடிக்குமுன் இருபது கைகள் எழும். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். போன கிழமை சம்மனசுக்கு ஆள் கேட்டபோதும் அப்படித்தான் எழுந்தன. கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சம்மனசின் வசனத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கேட்டேன். "வேண்டாம் ரீச்சர்" என்றாள்.

மறுபடி கேட்டேன். "வேண்டாம் ரீச்சர்."

மூன்றாம் தரமும் கேட்டேன்.