கடைசி அரை மணி நேரம்

சட்டைக்கு இருக்கும் நியாயம் பிள்ளைகளுக்குச் செல்லாது என்பதைப் பொத்தான் அக்கா இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

அதற்கு முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவள். சட்டையை மேசைமேல் விரித்து, காலர், தையல், காஜா, பொத்தான் என்று விரலை ஓட்டுவாள். நல்லது வலது பக்கம் போகும், பழுது இடது பக்கம் போகும். நடுவில் வைக்க அந்த மேசையில் இடம் கிடையாது. தொழிற்சாலையை மூடியபின், சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ளும் மாலைக் காப்பகத்தில் சேர்ந்தாள். பள்ளிக்குப் பின்புறம் ஒரே ஒரு கூடம், குட்டை நாற்காலிகள், ஒரு பெரிய பாய், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் ஒரு கைகழுவும் தொட்டி, வாசலில் செருப்பு அலமாரி. பழக்கதோஷத்தில் ஏப்ரன் பையில் ஊசி, நூல், நாலைந்து பொத்தான்கள் எப்போதும் இருக்கும். விளையாட்டில் பொத்தானை அறுத்துக்கொண்டு வருபவர்களை நிற்கவைத்தே தைத்து அனுப்பிவிடுவாள். பெயர் அப்படித்தான் வந்தது.

பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். அதில்தான் வம்பே முளைத்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்திக்கு மேஸ்திரி என்று பட்டப்பெயர். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டடம் கட்டுவாள். கட்டுவதைவிட மற்றவர்களை வேலை வாங்குவது அதிகம். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். நாள் முழுக்க நின்ற கால்களோடு ஒரு மாலை அவர் வாசலில் வந்து நின்றபோது, மேஸ்திரி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "நீ போ, நான் அப்புறமா வர்றேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நர்ஸும் சிரித்தார். செருப்பு அலமாரி அருகே வந்ததும் அவர் குரல் மாறியது.

"அப்படி என்னதான் சொக்குப்பொடி போடறீங்க அக்கா? பெத்தவளைப் பாத்தா கடன்காரியைப் பாத்த மாதிரி ஒளியுறா."

அதே மாலை இன்னொரு பையனின் அப்பா, கிளம்ப மறுத்த மகனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, இப்படி வர மறுக்கிறான் என்றால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றுதானே அர்த்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார். ஒரே காரியத்துக்கு ஒரு வாசலிலேயே புகாரும் பாராட்டும். இதை வலது பக்கம் வைப்பதா, இடது பக்கம் வைப்பதா என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆனால் நர்ஸின் முகம் மட்டும் கண்ணைவிட்டு அகலவில்லை. தொழிற்சாலை நாட்களில் ஷிஃப்ட் முடிந்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த தன் மகளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் அவள் அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததும், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்ததும் பொத்தான் அக்காவுக்கு மறக்கவில்லை. மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. விரல்களைப் பிரித்த கைக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் யாரிடமும் கேட்காமல் ஒரு வேலை செய்தாள். கூட்டிப்போக ஆட்கள் வரத் தொடங்கும் கடைசி அரை மணி நேரத்தை வேண்டுமென்றே சப்பென்று ஆக்கினாள். கட்டைகள் பெட்டிக்குள், வண்ணப் பென்சில்கள் அலமாரிக்குள், பிள்ளைகள் பாயில். கதை கிடையாது, பாட்டு கிடையாது. அவள் பாட்டுக்குத் துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக் கதவையே பார்ப்பார்கள். கதவு திறந்ததும் துள்ளி எழுவார்கள். மேஸ்திரி ஓடிப்போய் அம்மாவின் வயிற்றில் முட்டுவாள். நர்ஸ் இரண்டடி பின்னால் தள்ளாடிச் சிரிப்பார்.

"இப்பல்லாம் இவளுக்கு என்மேல ஒரே பாசம் அக்கா" என்று ஒருநாள் சொன்னார். "நாள்பூரா எவ்வளவு பேச்சு வாங்கினாலும், இந்த முட்டு ஒண்ணு போதும் எனக்கு."

பொத்தான் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். பஸ் ஓட்டுபவர்.

"ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி நாங்களும்தான் வேகத்தைக் குறைப்போம், ஜனங்க எந்திரிச்சு நிக்கணும்ல" என்று முதலில் ஆதரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்காக அரை மணி முன்னாடியேவா?" என்றார். அத்துடன் அவளுக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று.

காப்பகங்களின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது, அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான். பாயிலிருந்து ஒரு பையன் கோரையை உருவிக்கொண்டிருந்தான். ஒருத்தி சுவரில் சாய்ந்தே தூங்கிப்போயிருந்தாள். பெட்டி பூட்டியிருந்தது. காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் வாசலுக்கு வர, மேஸ்திரி வழக்கம்போல் பாய்ந்து ஓடி முட்டினாள்.

இங்கே இருக்கப் பிடிக்காமல்தான் குழந்தை இப்படி ஓடுகிறதா என்று அதிகாரி கேட்டார்.

"ஐயோ இல்ல சார்" என்றார் நர்ஸ். முகமெல்லாம் பூரிப்பு. "என்னைக் கண்டா இவளுக்குக் கால் தரையில நிக்காது."

அதிகாரி பொத்தான் அக்கா பக்கம் திரும்பினார். "பொம்மையெல்லாம் இப்பவே ஏன்மா உள்ள போச்சு?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இவர் புரிந்துகொள்ளவும் கூடும். ஆனால் இரண்டடி தள்ளி, மகளின் தலையைக் கோதிக்கொண்டு அந்த அம்மா நிற்கிறார். இத்தனை நாள் வாங்கிய முட்டெல்லாம் பாசத்தில் வந்ததல்ல, பூட்டிய பெட்டியிலிருந்து வந்தது என்று அந்த முகத்துக்கு எதிரில் எப்படிச் சொல்வது?

"சீக்கிரம் அடுக்கி வெச்சா நானும் சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னுதான் சார்" என்றாள்.

அதிகாரி தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நர்ஸ்தான், "என்னக்கா, நீங்களா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி போட்டுவிட்டுப் போன குறைந்த மதிப்பெண்ணைவிட அதுதான் தைத்தது.

பொறுப்பாளர் அம்மா அன்று வைத்த வசவில் காரம் அதிகம். நாளையிலிருந்து கடைசிப் பிள்ளை வெளியே போகும்வரை பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முடித்தார்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் வீட்டில் கணவர்.

"யாருகிட்ட?" என்றாள்.

மறுநாள் மாலை கட்டைகள் பாய் முழுக்கப் பரந்து கிடந்தன. மேஸ்திரி இரண்டு குட்டை நாற்காலிகளுக்கு நடுவே பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் வரும்போதெல்லாம் அது சரிந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நர்ஸ் முட்டு வாங்கத் தயாராகக் கைகளைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி எழவில்லை.

விரிந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. அதைப் பார்க்க முடியாமல் பொத்தான் அக்கா ஊசியை எடுத்து நூல் கோக்கத் தொடங்கினாள். ஊசியின் காது கண்ணுக்குத் தெரியவில்லை.

"அம்மா, அங்கயே நின்னா எப்படி?" என்றது குரல். "வந்து இதைப் பிடி. நடுவுல சாயுது பாரு."

நர்ஸ் பொத்தான் அக்காவைப் பார்த்தார், உள்ளே வரலாமா என்பதுபோல. இத்தனை மாதங்களில் அவர் கால்மிதியைத் தாண்டியதே இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு வந்து குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் முகவாயைத் தொட்டன. "ஆட்டாதம்மா, ஆடாமப் பிடி" என்று மேஸ்திரி அதட்டினாள். தோளில் மகனைத் தூக்கிப்போகும் அப்பாவும் வந்தார். அவரையும் கட்டை எடுத்துக் கொடுக்க உட்காரவைத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் அந்தச் சப்பென்ற அரை மணி நேரங்கள் எதற்கு? அவற்றால் இந்த அம்மாவுக்கு ஒன்றைக் கொடுத்தாளா, அல்லது இது கிடைக்கவிடாமல் மறித்து வைத்திருந்தாளா? அந்த முட்டும் பொய்யில்லை, இந்த அதட்டலும் பொய்யில்லை. பைக்குள் விரல்கள் ஒரு பொத்தானை உருட்டிக்கொண்டே இருந்தன.

மூடும் நேரம் தாண்டியது. பாலம் மூன்றாவது முறை விழுந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாம்மா" என்றாள் மேஸ்திரி. "லேட்டா வந்து பிடிச்சா இப்படித்தான் ஆகும்."

சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு காவலாளி எட்டிப்பார்த்தார். "என்னம்மா, இன்னைக்குப் பெரியவங்களையும் சேத்துக்கிட்டீங்களா? வீட்டுக்குப் போற எண்ணமே யாருக்கும் இல்லையா? இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"எனக்கே தெரியலண்ணே" என்றாள் பொத்தான் அக்கா. "இருங்க, பாலம் நிக்கட்டும்."