முத்திரையிட்ட இன்ஜினும் நான் துடைத்த மஞ்சள் கோடும்

என் மகள் மலரின் கார் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது என்றும், அதற்கு நான் வைத்த குங்குமமே காரணம் என்றும் இங்கே த்ரீ கிங்ஸ் பகுதியின் இந்தியக் கடைப்பக்கம் பேசிக்கொள்கிறார்களாம். கார் நீக்கப்படவில்லை. இரண்டு முறை ஓடியது. குங்குமம் நான் வைத்ததுதான், ஆனால் சிக்கல் அதனால் வந்ததல்ல. அதற்கு முன் நான் செய்த இன்னொரு காரியத்தால் வந்தது. அரைகுறையாகப் பரவுவதைவிட நானே முழுதாக எழுதிவிடுவது மேல். பந்தயம் நடந்த ஓடுதளத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி விவரமும் இதில் கிடைக்கும்.

பயணம் 2018 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை. மலருக்கு வயது நாற்பத்திரண்டு. பாபகூராவில் வீடு. வார நாட்களில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் கார். 'பாக்டரி ஸ்டாக்' என்ற பிரிவில் மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறாள். நேர்க்கோட்டில் இரண்டு கார்கள், கால் மைல் தூரம், ஒன்பது வினாடிக்குள் முடிந்துவிடும். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டிக்கு அவளே கூப்பிட்டாள். முந்தைய ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது விதிப்புத்தகத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அங்க வந்து நூறு கேள்வி கேக்காதீங்கம்மா. இத படிச்சிட்டு வாங்க, போதும்."

அன்று அவள் தேநீர் போட உள்ளே போன நேரத்தில்தான் நான் கராஜுக்குப் போனேன். பெரிய காரியத்துக்குப் போகும் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. கணவர் போன பிறகு நான் குங்குமம் தொடலாமா என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. காரின் மூடி திறந்திருந்தது. இன்ஜினின் மேல்பக்கம் ஒரு பெரிய போல்ட்டின் தலையில் மஞ்சள் கறை இருப்பதாகப் பட்டது. அழுக்கின் மேல் பொட்டு வைக்கக்கூடாது. அலமாரியில் இருந்த ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, கறை பாதிக்குமேல் போகும்வரை தேய்த்தேன். பிறகு நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை அதன் மேல் வைத்தேன். மலரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை 7.05க்கு, என் வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் பஸ் ஏறினேன். நியூ லின்னில் 7.38 ரயில், நியூமார்க்கெட்டில் மாறி தெற்கு ரயில். முதியோர் அட்டை இருந்தால் சனி, ஞாயிறுகளில் கட்டணம் இல்லை. நியூமார்க்கெட்டில் நடைமேடை மாற ஒன்பது நிமிடம் இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் லிப்டைப் பயன்படுத்தலாம், படி செங்குத்து.

ரயிலில் விதிகளைப் படித்தேன். 'பாக்டரி ஸ்டாக்' என்றால் கம்பெனி செய்து கொடுத்தபடியே ஓடும் கார் என்று பொருள். பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. பந்தயத்துக்கென்றே கம்பெனி கொஞ்சம் கார்களைச் செய்து விற்கிறது. அவற்றைச் சாலையில் ஓட்டமுடியாது. எந்த இன்ஜின் உள்ள கார் எவ்வளவு எடை இருக்கவேண்டும் என்று பட்டியல் உண்டு. ஒரு கம்பெனியின் கார்கள் வென்றுகொண்டே போனால் நடுப்பருவத்திலேயே அவற்றின் எடையைக் கூட்டுகிறார்கள். இன்ஜினை ஓட்டுநர் பிரிக்கக்கூடாது. கம்பெனியே கம்பி கோத்து, எண் போட்ட வில்லை தொங்கவிட்டு முத்திரையிடுகிறது. இன்ஜின் கெட்டுப்போனால் கம்பெனியின் ஆள் வந்துதான் திறக்கவேண்டும். முத்திரை கெடாமல் ஒரு பருவத்தில் நான்கு போட்டிகளை முடிப்பவர்களுக்கு அடுத்த பருவம் கம்பெனி உதவி செய்கிறது: உதிரிப்பாகம், இன்ஜின் பழுதுபார்ப்பு எல்லாம். மலர் மூன்றை முடித்திருந்தாள். இது நான்காவது. அந்த உதவி இல்லாமல் அடுத்த ஆண்டு அவளால் ஓட்டமுடியாது.

பக்கம் பத்தொன்பதைப் படித்தபோது ரயில் மனுரேவாவைத் தாண்டியிருந்தது. முத்திரைக் கம்பியோடு, போல்ட்டின் தலையையும் இன்ஜினின் உடலையும் சேர்த்து ஒரு மஞ்சள் அரக்குக் கோடு இழுத்திருப்பார்கள். போல்ட்டைத் திருகினால் கோடு உடையும். கம்பி, கோடு இரண்டில் எது சிதைந்தாலும் முத்திரை சிதைந்ததாகவே கொள்ளப்படும் என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தேன். மலருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டாகனினி நிலையம் வந்தபோது இன்னொரு முறை செய்தேன்.

பாபகூரா நிலையத்தில் 8.58க்கு இறங்கினேன். ஓடுதளம் அங்கிருந்து 33 கிலோமீட்டர், பஸ் கிடையாது. டாக்ஸி ஓட்டியவர் பிஜிக்காரர், பெயர் மூனசாமி. தொண்ணூறு டாலர் என்று முன்பே பேசிக்கொண்டோம்.

"ஆன்ட்டி, அங்கே கோயில் ஒன்னும் இல்லே. கார் ரேஸ்தான்."

"தெரியும். பத்து மணிக்குள் போகவேண்டும்."

"நீங்கதான் ஓட்டறீங்களா?"

"என் மகள் ஓட்டுகிறாள்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்போ நம்ப ஸ்லோவா போனா மரியாதை இல்லே," என்றார். ஆனாலும் வேக வரம்பைத் தாண்டவில்லை. அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 9.34க்கு வாசலில் விட்டார். நுழைவு இருபது டாலர், முதியோருக்குச் சலுகை இல்லை.

மலரின் கார் வலப்பக்கக் கூடாரத்தில் நின்றது. உடன் சிவா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெக்கானிக், அவளுக்கு உதவியாக வருபவர். கார் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பத்து மணிக்கு.

"பசியாறிட்டீங்களாம்மா?" என்றாள் மலர்.

மூடியைத் திறக்கச் சொன்னேன். அந்த போல்ட்டைக் காட்டி, செய்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் லா," என்றாள், கோபம் வந்தால் ஒட்டிக்கொள்ளும் பழைய ஊர் 'லா'வோடு. அவ்வளவுதான்.

சிவா டார்ச் அடித்துப் பார்த்தார். "கம்பி அப்பிடியே கிடக்கு. குங்குமம் எண்டு மட்டும் சொல்லுவம். எண்ணெயில கோடு ஊறிப்போச்சு எண்டு அவையே நினைச்சுக்கொள்ளுவினம். அன்ரி, அந்த ஸ்பிரிட் கதையை மட்டும் கதைக்காதேங்கோ."

"அது கதை இல்லை, தம்பி. நடந்தது."

"ஓம், நடந்ததுதான். அதுக்காக மைக் பிடிச்சுச் சொல்லோணுமே?"

மலர் என்னைப் பார்த்தாள். "அம்மா, சிவா சொல்றதும் பொய் இல்லயே. கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா விட்டுருங்க."

கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யா இல்லையா என்று நாங்கள் விவாதிக்க நேரமில்லை. பரிசோதகர் வந்துவிட்டார். வயதானவர், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. சிவப்பைப் பார்த்ததும் புதுப் பெயின்டா என்று கேட்டார். மலர் குங்குமம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் துணியால் துடைத்தார். அடியில் பாதிக் கோடு. எண்ணெய் இப்படிச் செய்யுமா என்று சிவாவிடம் கேட்டார். சிவா வாயைத் திறக்குமுன், எண்ணெய் அல்ல, ஸ்பிரிட், தேய்த்தது நான் என்று சொன்னேன். எந்த நாள், எவ்வளவு நேரம் என்பதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, நான் சொன்னதாலேயே இதை விட்டுவிட முடியாது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மலர் என் பக்கம் திரும்பாமல் டயர்களின் காற்றை அளக்கப் போனாள்.

முத்திரை கம்பெனிக்குச் சொந்தம். அதைப்பற்றிச் சொல்லக்கூடியவர் கம்பெனியின் பிரதிநிதி மட்டுமே. அவருடைய லாரி திடலின் மறுகோடியில் நின்றது. தங்கள் கம்பெனியின் மற்ற கார்களுக்கு இன்ஜினின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றித் தந்துகொண்டிருந்தார். பதினொன்றரைக்கு வந்தார். வில்லையின் எண்ணைத் தன் மடிக்கணினியில் சரிபார்த்தார். இன்ஜினின் கணிப்பொறியில் எதையோ படித்தார். திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று வாயால் சொன்னார். பழைய கோட்டின் பக்கத்தில் பச்சையில் புதுக்கோடு இழுத்தார். பரிசோதகர் தீர்ப்பு சொன்னார்: கார் ஓடலாம், ஆனால் கம்பெனி எழுத்தில் உறுதி செய்தால்தான் இந்தப் போட்டி கணக்கில் சேரும். திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்புவதாகப் பிரதிநிதி சொல்லிவிட்டுப் போனார்.

மலர் 1.20க்கு முதல் சுற்றில் ஓடினாள். 8.94 வினாடி, வெற்றி. சத்தம் காதில் அல்ல, நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. இரண்டாம் சுற்றில் பச்சை விளக்குக்குத் தாமதமாகக் கிளம்பித் தோற்றாள். இறங்கி வந்து ஹெல்மெட்டை என் மடியில் வைத்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"இல்லை."

"எனக்கும் பசிக்குது. வாங்க."

வீடு திரும்பும்போது டிரெய்லர் வண்டியின் முன்சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காதடைப்பான் வாசலில் இரண்டு டாலருக்குக் கிடைக்கிறது, அவசியம் வாங்குங்கள். நிழல் இல்லை, தொப்பியும் மடக்கு நாற்காலியும் வேண்டும். வார இறுதியில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது உண்டு, முந்தின நாளே விசாரியுங்கள். திரும்ப டாக்ஸி கிடைக்காது, காலையிலேயே பேசிவையுங்கள். சாப்பாட்டில் சூடான சிப்ஸ் தவிர எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். காருக்குப் பொட்டு வைப்பதானால் முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் வையுங்கள். இன்ஜினில் எந்த நிறத்தைக் கண்டாலும் அது அழுக்கு என்று முடிவு செய்யாதீர்கள்.

மூன்று திங்கட்கிழமைகள் போய்விட்டன, மின்னஞ்சல் வரவில்லை. மலர் இரண்டு முறை போன் செய்தாள்; பிரச்சினை ஒன்றும் இருக்காது என்று போனில் சொல்கிறார்கள். உதவிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த மாத முடிவு. இந்தப் பக்கத்தின் ஆங்கில வடிவத்தை அந்தப் பிரதிநிதிக்கும் அனுப்பியிருக்கிறேன். ஐயா, முத்திரை எண் உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. அந்த இன்ஜின் திறக்கப்பட்டதா, இல்லையா? கோடு அழிந்ததைக் குற்றமாகக் கொள்வதானால் குற்றம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், என் மகளின் பெயரை அல்ல. எது உங்கள் முடிவானாலும், தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.