பதினோரு மணி வேட்டு

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ரேவன்ஷாவில் கூட்டுறவுக் கடை வாசலில் ஐவி கிரிம்ஷா நிற்பார். கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் தட்டு, தட்டு நிறைய, போரில் இறந்த வீரர்களின் நினைவாகக் கோட்டில் குத்திக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூக்கள், கையில் ஓர் உண்டியல். மழை பெய்தாலும் நிற்பார். மழை பெய்யாத நவம்பரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. பூவுக்கு விலை கிடையாது, மனதுக்குப் பட்டதைப் போடலாம் என்பார். யாரையும் கூப்பிட மாட்டார், கெஞ்ச மாட்டார். ஆனால் வெறும் கோட்டோடு கடைக்குள் போன ஆள் வெளியே போகும்போது கோட்டில் பூ இருக்கும். என்னிடமே வருஷத்துக்கு மூன்று பூவாவது விற்றுவிடுவார், ஏனென்றால் அந்தக் குண்டூசி எந்தத் துணியிலும் நிற்பதில்லை.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன், ஊர் வாத்தியக் குழுவில் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுபவன். எனக்கு அவர் ஐவி அக்கா.

அந்த வீரர்களுக்கான நினைவு ஞாயிறன்று ஊரே சதுக்கத்தில் கூடும். அங்குள்ள நினைவுத் தூணில் செதுக்கியிருக்கும் அவர்கள் பெயர்களைப் பாதிரியார் வாசிப்பார். பிறகு அவர்களுக்கு விடைகொடுக்கும் இசையை நான் ஊதுவேன். அது முடிந்து மணிக்கூண்டில் பதினொன்று அடித்ததும் தீயணைப்பு நிலையத்தின் பின்னாலிருந்து ஒரு வேட்டு போடுவார்கள். பள்ளத்தாக்கின் கடைசி வீட்டு ஜன்னல்வரை அதிரும். அங்கிருந்து இரண்டு நிமிடம் மௌனம். அது முடிந்ததும் துயிலெழுப்பும் இசையை நான் ஊத வேண்டும். போர் முடிந்ததை நினைத்து அமைதி காக்க, போர் போலவே ஒரு சத்தம். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. எங்கள் அப்பா காலத்திலும் இருந்தது, எங்களில் யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

டெரெக்குக்கு மட்டும் பட்டது. ஐவி அக்காவின் ஒரே மகன். ஃபாக்லாந்து தீவுப் போருக்குப் போய்க் கை கால் முழுசாகத் திரும்பி வந்தவன். வந்த அன்று மதுக்கடையில் அவனுக்கு வாங்கிக் கொடுக்க ஊரே முண்டியடித்தது. அதற்குப் பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் கதவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். நவம்பர் ஐந்து பட்டாசு ராத்திரியில் அந்த நாற்காலி காலியாக இருக்கும், அவன் மேசைக்கு அடியில் இருப்பான். பையனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அவன் வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நினைவு ஞாயிறு. ஐவி அக்கா தட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவன் தடுத்திருக்கிறான். அன்று நடந்ததை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று.

"அம்மா, இன்னைக்குப் போகாத. அந்த வேட்டு போடற வரைக்கும் என்கூட உக்காரு."

"ரெண்டே நிமிஷம்டா ராசா. நான் நிக்கலன்னா எடம் காலியா இருக்கும். முடிஞ்சதும் ஓடி வந்து கறி வறுத்துத் தரேன்."

ஓடித்தான் வந்தார். பின்கட்டுக் கொட்டகையின் கதவை உடைத்தது நான். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை.

செத்த வீரர்களுக்கு மரியாதை செய்யப் போய், உயிரோடு இருந்த வீரனைத் தனியாக விட்டுவிட்டோம். அன்று சதுக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் இது பொருந்தும். ஆனால் சுமந்தது ஐவி அக்கா ஒருவர்தான்.

அவன் பெயரைத் தூணில் செதுக்கக் கேட்டார். போர்க்களத்தில் விழுந்தவர்களுக்குத்தான் அந்தக் கல், வீட்டில் இறந்தவனுக்கு இடமில்லை என்றார் விழாக் குழுத் தலைவர் பேசில் எண்ட்விசில். கட்டாய ராணுவ சேவையில் இரண்டு வருஷம் கம்பளிக் கிடங்கைக் காவல் காத்துவிட்டு இன்றுவரை மெடல் குத்திக்கொண்டு திரிகிற மனிதர். சரி, பெயர் வேண்டாம், அந்த வேட்டையாவது நிறுத்துங்கள் என்று கேட்டார் அக்கா. வழக்கத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அடுத்த வருஷமும் கேட்டார். அதே பதில். குழுவில் ஆட்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை.

ஆனாலும் பூ விற்பதை விடவில்லை. உண்டியலை முன்னாள் வீரர் சங்கத்தில் ஒப்படைத்த கையோடு அந்த வீரர்களின் வீடுகளுக்குப் படியேறுவார். ஒருவனுக்கு ஹீட்டர் ஓடாது, இன்னொருவனுக்கு வாடகைப் பிரச்சினை. அலுவலகங்களில் போய் உட்கார்ந்து அதிகாரிகள் இறங்கி வரும்வரை எழுந்திருக்க மாட்டார். "செத்தவனுக்குக் கல்லாவது இருக்கு, இருக்கறவனுக்கு என்ன இருக்கு?" என்று எண்ட்விசிலின் முகத்துக்கு நேராகவே கேட்டவர்.

ஞாயிறுதோறும் அல்ல, அந்த ஒரு ஞாயிறு மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த மௌனத்தில் தன் வீட்டு அடுப்படி நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது என்றார். யாரோ காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போகிற மாதிரி. வீடோ மேட்டுத் தெருவில், சதுக்கத்திலிருந்து அரை மைல். பின்னே ஏன் வருஷா வருஷம் அங்கே போய் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு அங்கேதானே நின்றேன், அப்படியானால் எல்லா வருஷமும் அங்கே நின்றுதான் கேட்க வேண்டும் என்றார். தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை. அதை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

இப்படியே அவருக்கு எண்பது வயதாகிவிட்டது. அந்த வருஷம் பெரிய மனசு பண்ணி, சங்கத்தின் மலர்வளையத்தை வைக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார் எண்ட்விசில். மௌனம் முடிந்ததும் தூணுக்குப் போய் வைக்க வேண்டும், முன்வரிசையில் நிற்க வேண்டும். ஊரில் ஒரு பெண்ணுக்கு அது முதல் தடவை. அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. தொப்பிகூடப் புதிது வாங்கினார்.

அந்த நினைவு ஞாயிறு காலை, சதுக்கத்து ஓர மருந்துக்கடை வாசல் பெஞ்சில் ஷேன் ஹாஸ்லம் உட்கார்ந்திருந்தான். ஆப்கானிஸ்தானில் இருந்துவிட்டு வந்தவன், நாற்பது வயது இருக்கும். அக்கா படியேறுகிற வீடுகளில் அவன் வீடும் ஒன்று. கடை வாசலில் அவரோடு நின்று வாய் வலிக்கப் பேசுவான், பூ மட்டும் வாங்க மாட்டான். அன்றைக்கு, அங்கே பறிகொடுத்துவிட்டு வந்த நண்பனுக்காகச் சதுக்கம்வரை வந்துவிட்டான். அதற்கு மேல் கால் எழவில்லை போலிருக்கிறது. மலர்வளையத்தோடு வந்த அக்கா அவனைப் பார்த்து நின்றார். நான் கார்னெட்டோடு பக்கத்தில்தான் நின்றேன், அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"ஐவிம்மா, அந்த வேட்டு இந்த வருஷமும் உண்டா?"

"உண்டுப்பா."

அவன் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுவரைக்கும் கொஞ்சம் என்கூட உக்காரேன்."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. முன்வரிசையிலிருந்து எண்ட்விசில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி வரச் சொன்னார். பாதிரியார் பெயர்களை முடித்துவிட்டார். நான் ஊதத் தொடங்கினேன். ஊதும்போது கண்ணை நகர்த்தக் கூடாது, நகர்த்தினேன். அக்கா மலர்வளையத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. வேட்டு வெடித்தது. காக்கைகள் தேவாலயக் கூரையைவிட்டுக் கிளம்பின. ஷேன் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான், அவன் முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது. ஊர் முழுவதும் குனிந்த தலையோடு நின்றது. குழந்தைகூட இருமாத அந்த மௌனத்தில் அக்கா பேச ஆரம்பித்தார். நெசவாலையில் முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது.

"முடிஞ்சிடுச்சுப்பா, அவ்ளோதான். மூச்சு விடு. அங்க பாரு, கார்னெட் வெச்சிக்கிட்டு நிக்கறான்ல, எங்க பக்கத்து வீட்டுக்காரன். வருஷா வருஷம் பாட்டுல ஒரே எடத்துல சறுக்குவான். இன்னைக்கும் சறுக்குனான், கேட்டியா? இன்னொரு மூச்சு விடு. மத்தியானத்துக்குக் கறியும் உருளைக்கிழங்கும் வெச்சிருக்கேன், வந்து சாப்பிடு."

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எண்ட்விசிலின் கழுத்து சிவந்தது. இந்த ஊரில் அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் வாய் திறந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. அக்கா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்திருந்தார்.

"நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கேன், டெரெக். எங்கயும் போகலடா."

கல்லில் இல்லாத அந்தப் பெயர் சதுக்கத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. அவனுடன் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவனுக்கு மது வாங்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஷேன் திருத்தவில்லை. குனிந்த தலையைத் தூக்காமலே சொன்னான்.

"சரிம்மா."

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. நான் ஊத வேண்டும். யாரும் என்னை ஊதச் சொல்லவில்லை.