ஆர்மீனிச் சுவாமியின் கழுத்து

என் அத்திம்பேர் வெங்கிடராமன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு நான் பார்த்துப் பல வருஷங்கள் ஆகின்றன. சலூனில் கழுத்தைச் சுற்றித் துணி கட்ட விடமாட்டார். வெட்டின முடி முதுகெல்லாம் விழுந்து அரித்தாலும் பரவாயில்லை என்று பனியனோடு உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டில் யாராவது மாலை போட வந்தால் கையில் வாங்கிக்கொண்டு கும்பிடுவார். தெரியாதவர்கள், எவ்வளவு அடக்கமான மனிதர் என்பார்கள். அடக்கமாவது ஒன்றாவது. கழுத்தில் எது பட்டாலும் அவருக்கு மூச்சு நின்றுவிடும். அவ்வளவு பயம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடராமன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆர்மீனிச் சுவாமி வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை இங்கே எல்லோரும் சுவாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஆர்மீனி, நாடகத்தில் வந்தது.

பகலெல்லாம் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. பூனைக்கண், வெளுத்த தோல், நீள மூக்கு. எங்கள் அக்கா திரிபுரசுந்தரியைப் பெண் பார்க்க வந்த அன்றே, மாப்பிள்ளை துரை மாதிரி இருக்கிறார் என்று அம்மா பூரித்துப்போனாள். அதே முகத்தை உள்ளூர் நாடக சமிதிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். டச்சுத் தளபதி, போர்த்துகீசியப் பாதிரி, வெள்ளைக்காரக் கலெக்டர் என்று வரிசையாக வேஷம் கொடுத்தார்கள். ஒரு நாடகத்தில்கூட மனிதர் நம் ஊர்க்காரராகப் பிறந்ததில்லை.

பிறகுதான் ஹாகோப் வந்தான். கொச்சிக்குக் கப்பலில் வந்து மிளகு வியாபாரம் செய்த ஆர்மீனியன். செய்யாத குற்றத்துக்காகக் கம்பெனிக்காரர்கள் அவனைத் தூக்கில் போடுகிறார்கள். இதுதான் நாடகம். எல்லாம் சமிதிக்காரர்களின் கற்பனை. அத்திம்பேருக்கு மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும் தமிழ் இழுப்பு போகாது. அந்த இழுப்பைத்தான் ஆர்மீனிய இழுப்பு என்று ஜனங்கள் ரசித்தார்கள். ஆலப்புழையில் ஒரு பேராசிரியர் மேடையேறி, இவர் அந்த மொழியை எங்கே படித்தார் என்று வியந்துவிட்டுப் போனார். அத்திம்பேர் அடக்கமாகக் கும்பிட்டார். அதுமட்டும் நிஜமான அடக்கம், சொல்ல ஒன்றும் இல்லாததால் வந்தது.

கடைசிக் காட்சியில் ஹாகோப் ஒரு மரப் பீப்பாய் மேல் நிற்பான். கழுத்தில் சுருக்கு. சிப்பாய் பீப்பாயை உதைத்துத் தள்ளுவான். அங்கியின் உள்ளே தோல்பட்டை ஒன்று கட்டியிருக்கும். அதன் முதுகுப்புற வளையத்தில், பின்னால் மறைந்து நிற்கும் பாப்பச்சன் சேட்டன் கம்பிக் கொக்கியை மாட்டிவிடுவார். பாரமெல்லாம் அந்தக் கொக்கியில். கழுத்துச் சுருக்கு சும்மா பேருக்கு. அத்திம்பேர் காலை உதறுவார், கையை வெட்டி வெட்டி இழுப்பார், கண்ணைச் செருகுவார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆண்கள் விசிலடிப்பார்கள்.

கும்பளங்கியில் ஒரு சர்ச் பெருநாளுக்குப் போட்டபோது, மத்தியானம் முழுக்க மழை. சாமான்கள் வந்த வண்டியின் மேல்துணி கிழிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. தோல்பட்டை ஊறிப்போயிருந்தது. சிப்பாய் பீப்பாயை உதைத்ததும் முதுகுப்புற வளையம் பட்டையிலிருந்து பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அத்திம்பேர் நிஜமாகவே கழுத்தில் தொங்கினார்.

நான் அன்றைக்கு அக்காவோடு மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் உதறவில்லை. கத்தவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் நேராக இறங்கி அப்படியே நின்றுவிட்டன. நிஜமாகச் சாகிற மனிதன் அவ்வளவு அமைதியாக இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? பின்வரிசையில் ஒருவர், சுவாமிக்கு இன்று உஷார் போதாது என்று குறைப்பட்டார். சிப்பாய் வேஷக்காரன்கூட, காலை உதறு சுவாமி என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தானாம்.

அக்கா எழுந்து ஓடினாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. மேடையேறி அவருடைய இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துத் தன் தோளுக்கு மேல் தூக்கினாள். கூட்டம், ஹாகோப்பின் பெண்டாட்டி வந்துவிட்டாள், புதுக் காட்சி சேர்த்திருக்கிறார்கள் என்று கை தட்டியது. பாப்பச்சன் சேட்டன் ஓடிவந்து கயிற்றை அறுக்கும்வரை அந்தக் கைதட்டல் நிற்கவில்லை. அன்றுமுதல் எனக்குக் கைதட்டல் சத்தமே பிடிக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு கொஞ்ச காலம் அவருக்குக் குரல் கிடையாது. சமிதியில் ஹாகோப் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பார்த்துவிட்டு வந்த அத்திம்பேர் சாப்பிடாமல் படுத்தார். மறுநாளும் சாப்பிடவில்லை. சரிதான், சனியன் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். செத்துப் பிழைத்த மனிதருக்கு அந்தக் கயிறு மறுபடி வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவும் ஒரு வாரம் அழுது தீர்த்தாள். பிறகு என் முன்னால்தான் சொன்னாள்.

“தொங்குங்கோ. ஆனா நான் கீழே நிக்கணும். கை ஆடற வரைக்கும் நடிப்பு. கை நின்னா நான் வந்து தூக்கிடுவேன். நான் நிக்காத எடத்துல நீங்க தொங்கப்படாது.”

அவர் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் வாழ்க்கையும் நாடக வண்டியில்தான். திருச்சூர், கோட்டயம், கொல்லம் என்று எங்கே போனாலும் கூடப் போவாள். பட்டையைத் தானே இழுத்துப் பார்ப்பாள், கொக்கியில் தானே தொங்கிப் பார்ப்பாள். பாப்பச்சன் சேட்டன் முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் அவரே அவளைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார். காட்சி நடக்கும்போது படுதா ஓரத்தில் நின்று அத்திம்பேரின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றதெல்லாம் அவள் கண்ணில் படாது. அத்தனை தடவை கூடப் போனவளுக்கு, கதை எப்படி முடிகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

பயம் பழகிவிடும் என்பார்கள். இவர்களுக்குப் பழகவே இல்லை. நாடகம் உள்ள நாட்களில் மத்தியானமே இருவருக்கும் வயிற்றைக் கலக்கும். நாங்கள் மூவரும் இருக்கும் வீட்டில் இருப்பதோ ஒரே கழிப்பறை. ஒருவர் வெளியே வர, ஒருவர் உள்ளே போக. நான் கேலி செய்வேன். அக்கா சிரிக்கமாட்டாள்.

கொரோனா வந்தது, சமிதி கலைந்தது. அதோடு ஹாகோப்பும் போனான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எங்கள் எல்லோருக்கும் அது நிம்மதி. அத்திம்பேர் சீரியலில் தலைகாட்டினார். டாக்டர், நீதிபதி, ஏமாந்த மாமனார். இரண்டு மூன்று சினிமாவில் தூரத்தில் நின்றார். அவர் முகத்தை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். இதற்கிடையில் அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஒருதடவை மயங்கி விழுந்தாள். அதிர்ச்சி தரும் எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ரோஹன் வந்தான். திருப்பூணித்துறைக்காரன், சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்தவன். ஹாகோப் கதையைச் சினிமாவாக எடுக்கப்போகிறேன், சுவாமிதான் ஹாகோப் என்றான். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே சொன்னான். அத்திம்பேரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சினிமாவில் அதுவரை ஓரமாக நின்ற மனிதர், போஸ்டரில் தன் முகம் வரப்போவதை நினைத்துக் கண் கலங்கினார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தக் காட்சி எப்படி?

“அதெல்லாம் கம்ப்யூட்டர்லயாக்கும். நான் பீப்பாய் மேல ஏறி நின்னா மதி, அது போறும்,” என்றார் அத்திம்பேர். ரோஹன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னார்.

பொய். கம்ப்யூட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்தான் தொங்கவேண்டும் என்று ரோஹன் வீட்டுக்கு வருமுன்பே அவரிடம் போனில் சொல்லியிருந்தான். அக்காவைக் கூட்டிப்போனால் அவள் உடம்பு தாங்காது. கூட்டிப்போகாவிட்டால் சத்தியம் போச்சு. தொங்க மாட்டேன் என்றால் படம் போச்சு. மனிதர் பொய்யைத் தேர்ந்தெடுத்தார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. நடந்தது முழுவதும் பிற்பாடு அவர் வாயால் கேட்டதுதான்.

படப்பிடிப்பு நடந்த பழைய கிடங்கு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அன்று காலையில் அக்கா இட்லி வைத்தாள். அவர் ஒன்றைத் தின்றுவிட்டு, அதையும் தெருமுனையில் வாந்தி எடுத்திருக்கிறார். பட்டை புதிது, கம்பி புதிது, சண்டைக்காட்சிக்காரர்கள் நான்கு பேர் சோதித்தார்கள். யானையையே தூக்கும், சுவாமி என்றார்கள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. சுருக்கைக் கழுத்தில் போட்டபோது கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னாராம்.

முதல் தடவை மேடையில் செய்ததுபோலவே உதறினார். ரோஹன் நாடகம் மாதிரி இருக்கிறது என்றான். இரண்டாம் தடவை குறைத்து உதறினார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை பீப்பாய் நகர்ந்து உடம்பு குலுங்கியபோது, கும்பளங்கியில் ஊறியிருந்த பட்டையைப்போல ஈரமாக, சில்லென்று ஏதோ பிடரியில் பட்டது. அவ்வளவுதான். பட்டை பிய்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். பிய்யவில்லை, கொக்கி கொக்கியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணம் வந்தபிறகு மூச்சு வரவில்லை. கை இறங்கிவிட்டது. கால் மரத்துவிட்டது. கூப்பிட வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சுற்றிலும் அத்தனை பேர். ஒருவரும் அசையவில்லை. அற்புதமாக நடிக்கிறார், கெடுத்துவிடக்கூடாது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ரோஹன் கட் சொல்லவே இல்லை, சொல்லவே இல்லை.

இறக்கியபோது நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தார். காற்சட்டை நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்து ஒருவர் விசிறினார். ரோஹன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வெயில் அதிகம், தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

படம் வந்தது. எறணாகுளத்தில் முதல் காட்சிக்கு எங்கள் மூவருக்கும் நல்ல இடம். அத்திம்பேர் நடுவில். கடைசிக் காட்சி நெருங்க நெருங்க அவர் காலாட்ட ஆரம்பித்தார். எனக்குக் கோபம், சினிமா பார்ப்பவனுக்கு என்ன பயம் என்று தொடையில் தட்டினேன். அவர் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. அக்கா நிதானமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர்தானே.

திரையில் பீப்பாய் நகர்ந்தது. ஹாகோப் உதறவில்லை. கைகள் பக்கவாட்டில் இறங்கி நின்றன. பெரிய திரையில் அந்தக் கைகள் என் உயரத்துக்கு இருந்தன. எனக்குக் கும்பளங்கி நினைவுக்கு வந்த அதே நேரத்தில் அக்கா எழுந்துவிட்டாள். என் காலை மிதித்துக்கொண்டு, இருட்டில் கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே போனாள். அத்திம்பேர் பின்னாலேயே ஓடினார். நானும்.

வெளியே பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மாத்திரையைத் தேடினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். பாப்கார்ன் பையன்கூட எட்டிப் பார்த்தான். அத்திம்பேர் ஏதோ சொல்ல வந்தார்: பட்டை புதிது, நான்கு பேர் இருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. கோபப்படுவாள், சத்தியத்தை எடுத்துக் கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் இல்லாத எடத்துல ஏன்னா தொங்கினேள்?” என்றாள்.

உள்ளே படம் முடிந்து கைதட்டல் கேட்டது. கதவு திறந்தால் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அவருக்கு அதற்குள் சொல்லிவிடவேண்டும்போல இருந்தது.

“கீழே பார்த்தேன் திரிபுரா. அப்பத்தான் தூக்க நீ இல்லேன்னு தெரிஞ்சுது.”