சாணித் தொட்டி

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். குடியிருந்தது கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய தெருவில். பெயின்டில் கலக்கும் தின்னரின் வாடை வீட்டுக்குள் வந்து, சாம்பார் கொதிக்கும்போதுகூடப் போகாமல் நிற்கும். எனக்குப் பழகிவிட்டது. மூன்று வயது மகளுக்குப் பழகவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "இந்த நாத்தம் போவட்டும், வரேன்" என்றாள்.

அந்த நாற்றத்தை ஒழித்துக்கட்டுவது என்று கிளம்பினேன். ஷெட்டுக்குப் பின்னால் இடுப்பளவுக்குச் செங்கல் தொட்டி கட்டி, தென்னை நார், மக்கிய எரு, மரச்சில்லு எல்லாம் நிரப்பிச் சாணி கரைத்து ஊற்றினேன். பெயின்ட் அடிக்கும் அறையிலிருந்து வரும் காற்றை அடியில் விட்டால், எருவில் வாழும் நுண்ணுயிர்கள் தின்னர் ஆவியைத் தின்றுவிட்டு வெறும் காற்றை மேலே அனுப்பும். அவற்றுக்கு வேண்டியது ஈரம், நமக்கு வேண்டியது பொறுமை. இரண்டாவது என்னிடம் எப்போதுமே குறைச்சல். கெமிஸ்ட்ரி படித்தவன் சாணி கரைக்கிறான் என்று பெயின்ட் அடிப்பவர்கள் சிரித்தார்கள். சாணித் தொட்டி என்று பேரும் வைத்தார்கள்.

அதற்குத் தண்ணீர் தெளித்தவர், கம்பெனியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா. ஒரு பிடி நாரைப் பிழிந்து பார்த்தே ஈரம் போதுமா என்று சொல்லிவிடுவார். "இன்னா சார் இது, துன்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா இதுக்கு?" என்று கேட்டார். "இதுவும் ஒரு மிஷின்தான் அக்கா, உயிருள்ள மிஷின்" என்றேன். பெரிய அறிவாளி மாதிரி சொன்ன அந்தப் பேச்சை இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஆறேழு வாரத்தில் பலித்தது. தொட்டியின் மேல் குனிந்து முகர்ந்தால் தின்னர் இல்லை. நனைந்த மண் வாசனை. ரயிலேறிப் போய் மனைவியிடம் சொன்னேன். விஜயதசமி அன்று மகளை எங்கள் தெருமுனை நர்சரியில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதுவரை இருந்த நாட்கள் நகரவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் சின்னச் செருப்பு கிடக்கிறதா என்று கண் தானாகத் தேடும். கிடக்காது என்று தெரியும், இருந்தாலும் தேடும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்பெனியைக் கழுவித் தள்ளினார்கள். அழுக்கோடு எந்த மிஷினும் பூஜையில் இருக்கக் கூடாது. மறுநாள் பார்த்தால் என் தொட்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை, முன்னால் பொரி கடலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி முழுக்க ஃபினாயில் வாசனை. பூஜை நாளில் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விஜயதசமி காலையில் பூஜை பிரித்து, அவசர ஆர்டருக்காக உடனே வேலையைத் தொடங்கினார்கள். மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். பட்டுப்பாவாடையில் மகள் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். நர்சரிக்குக் கிளம்பி வாசலைத் தாண்டினோம், தெருவெல்லாம் தின்னர். மகள் இரண்டு முறை இருமினாள். பிறகு இழுப்பு வந்துவிட்டது.

கம்பெனிக்கு ஓடினேன். தொட்டிக்குள் போன வாடை அப்படியே மேலே வந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "மத்த மிஷின்லாம் குளிச்சிது, இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? நானே ரெண்டு பாட்டில் ஃபினாயில் கரைச்சி ஊத்திக் கயுவினேன் சார்" என்றார். முகமெல்லாம் பெருமை. கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் மிஷின் என்று சொன்னது நான்தானே. உள்ளே இருந்த உயிரெல்லாம் செத்துவிட்டது என்று அவரிடம் சொல்லாமல், இனிமேல் இதற்குத் தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பக் கிளம்பிவிட்ட மனைவியிடம் ஸ்டேஷனில் கெஞ்சினேன். "புது எரு போட்டா ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"காத்து சரியானதும் வா, வான்னே சொல்றீங்களே. நான் அங்க வந்துடறேன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? அரை மணி நேர ரயில்தானே?"

"தொட்டியைப் பார்த்துக்க ஆள் வேணுமே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவள் மகளின் முகத்தை முந்தானையால் துடைத்து, வந்த ரயிலில் ஏறிவிட்டாள். இழுப்பு அடங்கியதும், அன்று மதியத்துக்குள் வேப்பம்பட்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தும் விட்டாள்.

கார்த்திகையில் தொட்டி மறுபடி உயிர் பிடித்தது. தை பிறந்ததும் நான் வேப்பம்பட்டுக்குக் குடிபோனேன். காலையும் மாலையும் அதே அரை மணி நேர ரயில். தொட்டியை அக்கா நன்றாகவே பார்த்துக்கொண்டார். நான் பக்கத்துத் தெருவில் இல்லாத குறையே அதற்குத் தெரியவில்லை.

நான் போனபோது மகள் சிலேட்டில் 'அ' எழுதிக் காட்டினாள். விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பி, அவள் விரலைப் பிடித்து அதை முதன்முதலில் எழுதவைத்தது என் மாமனார். அந்த விரலை நான் பிடித்திருக்க வேண்டும். அவள் இன்று தன் பிள்ளைக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள், எனக்கு அந்த ஏக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.