தொப்புள் காயாத சுறா

அக்காவின் பிள்ளை அழுகையைக் குறைத்துக்கொண்டே வந்தது. முதல் நாட்களில் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகியது. அந்த அமைதிதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பால் போதவில்லை. வெள்ளிக்கிழமை வந்து நிறுப்பேன், நிறை ஏறாவிட்டால் பெரியாஸ்பத்திரிதான் என்று மருத்துவமாது சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவிடம் ஒரே மருந்துதான் இருந்தது: பால்சுறா. அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் போட்டு வறை வறுத்துக் கொடுத்தால் பால் சுரக்கும். கொழும்புத்துறையில் இதைச் சந்தேகப்படுகிற ஒரே ஆள் நான்தான்.

"சுறா திண்டாப் பால் வருமெண்டு ஆரம்மா நிரூபிச்சது?"

"நீ என்னத்தைக் குடிச்சு வளர்ந்தனி? வாயை மூடிக்கொண்டு சைக்கிளை எடு."

எடுத்தேன். நான் விலங்கியல் படிக்கிறவள். சுறா என்றால் எனக்கு விசர். கைப்பேசி முழுக்கச் சுறாப் படங்கள்தான். ஆனால் எங்கள் கரைக்கு இப்போது சுறா வருவதே அருமை. அதனால், உள்ளதைச் சொன்னால், அவ்வளவு கவலைக்குள்ளும் துள்ளிக்கொண்டுதான் போனேன்.

அப்போதுதான் ஒரு வள்ளம் கரை தட்டியிருந்தது. அதில் ஒன்றே ஒன்று கிடந்தது. கூரான மூக்கு, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. மீன்கார அண்ணை அதை உரப்பைக்குள் திணித்தார்.

"வாய்ப்பக்கம் கை வையாதை, தங்கச்சி. செத்தாலும் கடிக்கும்." நுனியில்லாத விரலைக் காட்டினார். "கொக்காவுக்கோ?"

"ஓம் அண்ணை, என்ரை அக்காவுக்குத்தான்."

"பிள்ளை குடிக்குதோ?"

நான் காசை நீட்டினேன்.

பையைச் சைக்கிள் காண்டிலில் கொழுவிக்கொண்டு வந்தேன். வால் முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது. தேவாலயம் தாண்டியதும் அடி நின்றது.

கிணற்றடியில் வைத்து அம்மா வயிற்றைக் கீறினார். குடலுக்கு முன்னால் குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஐந்து. முழங்கை நீளம் வரும். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு கொடி.

"தொப்புள்கொடி! அம்மா, பாருங்கோ, மீனுக்குத் தொப்புள்கொடி!"

படத்தில் மட்டும் பார்த்ததை நேரில் கண்ட சந்தோஷப் புளுகத்தில் கத்திவிட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பினால், குசினி வாசலில் அக்கா. கையில் பிள்ளை. அதன் தொப்புளும் இன்னும் காய்ந்து விழவில்லை.

நாலு குட்டிகள் அசையவில்லை. ஐந்தாவதின் செவுள் மட்டும் திறந்து மூடியது.

"உயிரோடி?" என்றாள் அக்கா.

"ஓம். உது ஒண்டுதான்."

"கொண்டுபோய்க் கடல்லை விடு."

"விசரே உனக்கு?" என்றார் அம்மா. "உள்ளுக்கை போ, பிள்ளைக்குக் குளிர்பிடிக்கப்போகுது."

"உது செத்தால் எனக்குப் பால் வராதம்மா. நான் தின்னவும் மாட்டன்."

அக்கா கத்தவில்லை. அம்மா கத்தியை எடுத்து அந்தக் குட்டியின் தொப்புள்கொடியை அறுத்தார். கயிற்றில் காய்ந்த பிள்ளையின் துணியொன்றை அக்காவே உப்புத் தண்ணீரில் நனைத்து நீட்டினாள். குட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நெஞ்சோடு அது துடித்தது.

"எடியே, பச்சைப் பிள்ளையையோ கொண்டோடுறாய்?" என்று படலையடியில் நின்ற அயல்வீட்டு மாமி கூவினார். நான் நிற்கவில்லை.

எங்கள் பரவைக்கடல் ஆழமில்லாதது. தொடை நனைவதற்கே வெகுதூரம் நடக்க வேண்டும். செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று குட்டியை முன்னும் பின்னும் இழுத்தேன். கையை விட்டேன். பக்கவாட்டாகச் சாய்ந்து சாதாளை என்கிற கடற்புல்லில் கிடந்தது. மனதுக்குள் கணக்கில்லாமல் மாதாவைக் கூப்பிட்டேன், விலங்கியல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வால் ஒருமுறை வெட்டியது. நிமிர்ந்தது. போனது.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"நீந்துதோ?"

"நீந்துது!"

அவள் வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் தடிகளைக் கண்டேன். எனக்கு முன்னால் சிறகுவலை நீளக் கட்டியிருந்தது. மீன் அந்த வலையை ஒட்டியே நீந்தும், நீந்திப் போய்க் கடைசியில் இருக்கிற கூட்டுக்குள் விழும். அதற்காகத்தான் கட்டுவது. சின்னக் கரிய நிழல் ஒன்று வலையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை அடித்து, கத்தி, மறித்துப் பார்த்தேன். கலங்கல்தான் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வறையை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிறகுவலையைப் பற்றி நான் சொல்லவில்லை.

அடுத்தநாள் விடிய, பிள்ளை விழுங்குகிற சத்தத்தில்தான் எழும்பினேன். களக், களக் என்று. 'பார்த்தியே?' என்கிற மாதிரி அம்மா என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் படலையில் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்தது. மீன்கார அண்ணை.

"தங்கச்சி, சிறகுவலையிலை சின்னப் பால்சுறா ஒண்டு பட்டிருக்கு. கொக்காவின்ரை நினைவு வந்தது."

உள்ளே விழுங்குகிற சத்தம் நின்றது.

ஓடிப்போய் அவருடைய மீன்பெட்டிக்குள் கையை விட்டு அதைப் புரட்டினேன். நெஞ்சில், இரண்டு செட்டைகளுக்கும் நடுவில், காயாத சிவப்புத் தழும்பு.

"எவ்வளவு பெரிசடி?" அக்காவின் குரல்.

"பெரிசக்கா!" என்றேன், வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "என்ரை முழுக்கை நீளம் வரும். இது வேறை!"

அண்ணை பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியைப் போட்டார்.

நான் படலையைப் பிடித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகும் உள்ளேயிருந்து அந்தக் களக், களக் சத்தம் திரும்ப வரவில்லை.